எரிமலையின் மூச்சை ஒளியால் அளப்பது எப்படி?

1993 ஜனவரி 14. கொலம்பியாவின் தென்மேற்கில், பாஸ்தோ நகருக்கு மேலே நிற்கும் கலேராஸ் எரிமலை. பயிலரங்கு ஒன்றுக்காகப் பல நாடுகளிலிருந்து வந்திருந்த எரிமலையியலாளர்களில் சிலர் அன்று அதன் வாய்க்குள் இறங்கியிருந்தார்கள். ரஷ்யாவின் கம்சட்காவிலிருந்து வந்த இகோர் மென்யாய்லொவ், வாயு சீறி வரும் இடத்தில் மாதிரி பிடிக்கப் போயிருந்தார். பிற்பகலில் மலை வெடித்தது. எரிமலைகளின் கணக்கில் அது சின்ன வெடிப்புதான். ஆனால் 6 அறிவியலாளர்களும் அங்கே இருந்த 3 சுற்றுலாப் பயணிகளும் இறந்துபோனார்கள். மென்யாய்லொவ் திரும்பவில்லை.

உயிரைப் பணயம் வைத்து வாயுவைப் பிடிக்கப் போனது ஏன்? கோலி சோடா உடைத்துக் குடித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோலி இறங்காதவரை பாட்டிலுக்குள் ஒரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் விட்டதும் நீரில் கரைந்திருந்த வாயு பொங்கிக்கொண்டு மேலே வரும். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் மாக்மாவும், அதாவது உருகிய பாறைக் குழம்பும், அப்படித்தான். மேலே ஏற ஏற அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது, கரைந்திருந்த வாயுக்கள் பிரிகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் பிரிவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். கார்பன் டை ஆக்சைடு மிக ஆழத்திலேயே கழன்றுவிடும். கந்தக வாயுக்கள் மேற்பரப்பை நெருங்கும் கடைசிச் சில கிலோமீட்டர்களில் பெரிதும் வெளியேறும். ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் கிட்டத்தட்ட வாசலுக்கு வந்த பிறகுதான் மாக்மாவை விடும். ஆகவே மலைவாயில் எந்த வாயு எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத மாக்மா எந்தப் படியில் நிற்கிறது என்று ஊகிக்கலாம்.

ஆனால் இந்த வாயுக்கள் எளிதில் கைக்குச் சிக்குபவை அல்ல.

பாட்டிலுக்குள் அடங்காதவை

எரிமலை வாயுவைப் பிடிக்க இன்றும் பயன்படும் முறையை 1970களில் நியூசிலாந்தில் வேலை செய்த வெர்னர் கிகன்பாக் செம்மைப்படுத்தினார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவை, அதற்குள் காஸ்டிக் சோடாக் கரைசல். வாயு வரும் பிளவுக்குள் டைட்டேனியம் குழாயைச் செருகி, குடுவையின் திருகைத் திறந்தால் வாயு உள்ளே இழுக்கப்படும். அமில வாயுக்கள் கரைசலில் கரைந்து நிற்கும், மற்றவை மேலே தங்கும். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பகுத்துப் பார்ப்பார்கள். நல்ல முறை. துல்லியத்தில் இதை மிஞ்சுவது இன்னும் கடினம்.

சிக்கல் குழாயில் தொடங்குகிறது. பல நூறு டிகிரி சூட்டில் வரும் வாயு, குழாயின் குளிர்ந்த பகுதியைத் தொட்டதும் அதிலுள்ள நீராவி துளியாகிறது. ஹைட்ரஜன் குளோரைடுக்கு நீர் என்றால் உயிர். ஓடிப்போய் அதில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் வழியிலேயே ஒன்றோடொன்று வினைபுரிந்து மஞ்சள் கந்தகமாகப் படியும், குழாய் அடைத்துப்போகும். ஹைட்ரஜன் ஃப்ளோரைடோ கண்ணாடியையே அரிக்கும். குழாயின் ஒரு முனையில் நுழைந்த வாயுவும் மறுமுனையில் வந்து சேரும் வாயுவும் ஒன்றல்ல. இவற்றை வினைத்திறன் மிக்க வாயுக்கள் என்கிறோமே, அதன் நடைமுறைப் பொருள் இதுதான்: தொட்டால் மாறிவிடும். அனல் மின்நிலையப் புகைபோக்கியில் அம்மோனியாவை அளப்பவரும் அலுமினிய உருக்காலையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடை அளப்பவரும் தினமும் மல்லுக்கட்டுவது இதே தொல்லையோடுதான்.

குழாயில் ஒன்றும் ஒட்டவில்லை, அடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். குடுவை காட்டுவது ஒரு பிளவின் ஒரு கணத்து மூச்சை. மலை முழுவதும் நாளொன்றுக்கு எத்தனை டன் வாயுவை விடுகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த விடை வேண்டுமானால் தொடாமல் அளக்க வேண்டும்.

ஒளியின் வழி

ஒவ்வொரு மூலக்கூறும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளியை உறிஞ்சும். கந்தக டை ஆக்சைடு புற ஊதாவில், 300 முதல் 320 நானோமீட்டர் வரையிலான பகுதியில், மலைத்தொடரின் முகடும் பள்ளமும்போல ஏறியிறங்கி உறிஞ்சுகிறது. அந்த வரிசை வேறெந்த வாயுவுக்கும் இல்லை. வானத்தில் சிதறி வரும் சூரிய ஒளி எரிமலைப் புகையைக் கடந்து நம் கருவிக்கு வரும்போது, அந்த முகடுகள் இருக்கும் அலைநீளங்களில் கொஞ்சம் குறைந்து வரும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து வழியில் எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்று கணக்கிடலாம். 18ஆம் நூற்றாண்டில் பூகேவும் லம்பெர்ட்டும், 1852இல் பீரும் வகுத்த விதி இது. பள்ளி இறுதி ஆண்டு வேதியியலில் வருவதுதான்.

இந்த அலைநீளம் தற்செயலாக வாய்த்த நல்வாய்ப்பு. 300 நானோமீட்டருக்குக் கீழே போனால் வளிமண்டல ஓசோன் சூரிய ஒளியை விழுங்கிவிடும், அளக்க ஒளியே இருக்காது. 320க்கு மேலே போனால் கந்தக டை ஆக்சைடு மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். இடையில் ஒரு குறுகிய சாளரம். அந்தச் சாளரம் இல்லையென்றால் எரிமலை வாயு அளவீட்டின் கதை வேறாக இருந்திருக்கும்.

எரிமலை அதிகம் விடுவது நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும்தானே, அவற்றை அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். காற்றில் ஏற்கெனவே அவை நிறைந்திருக்கின்றன. எரிமலையிலிருந்து வந்தது எது, காற்றில் இருந்தது எது என்று தூரத்திலிருந்து பிரிப்பது மிகக் கடினம். கந்தக டை ஆக்சைடு அப்படியல்ல. சுத்தமான காற்றில் அது நூறு கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. வெள்ளைத் துணியில் விழுந்த மைத்துளி மாதிரி, எரிமலையிலிருந்து வந்தது பளிச்சென்று தெரியும்.

இதைச் செய்த முதல் கருவி எரிமலைக்காகப் பிறந்ததே அல்ல. 1960களில் கனடாவின் பாரிங்கர் நிறுவனம் தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் மாசை அளப்பதற்காக உருவாக்கிய கோஸ்பெக் அது. உள்ளே ஒளியை நிறமாலையாகப் பிரித்து, கந்தக டை ஆக்சைடு அதிகம் உறிஞ்சும் இடங்களுக்கும் குறைவாக உறிஞ்சும் இடங்களுக்கும் பொருந்துமாறு பிளவுகள் வெட்டிய தட்டு ஒன்றைச் சுழற்றுவார்கள். இரண்டு இடங்களின் ஒளிக்கும் உள்ள வித்தியாசமே விடை. கணினி இல்லாத காலத்தில் வெறும் பிளவுகளாலேயே நிறமாலையை வாசித்த அந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் மத்திய அமெரிக்காவிலும் இதை எரிமலைகளை நோக்கித் திருப்பினார்கள். 1973இல் ரிச்சர்ட் ஸ்டாய்பரும் ஆண்டர்ஸ் ஜெப்சனும் குவாதமாலா, நிகராகுவா எரிமலைகளின் அளவீடுகளை வெளியிட்டார்கள். புகைபோக்கிக்கும் மலைவாய்க்கும் கருவியின் பார்வையில் வித்தியாசமில்லை.

அளக்கும் விதம் இதுதான். கருவியின் கண்ணை வானை நோக்கி நிமிர்த்தி ஒரு காரில் வைத்து, புகை மேலே ஓடும் திசைக்குக் குறுக்காக, அதற்கு அடியில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட்டிப்போவார்கள். சாலை இல்லாத இடத்தில் விமானம் அல்லது படகு. ஒவ்வொரு கணமும் தலைக்கு மேலே இருக்கும் வாயுவின் மொத்தம் பதிவாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புகை 2 கிலோமீட்டர் அகலம், சராசரி அளவீடு 200 பிபிஎம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வாயு கலந்த காற்று தலைக்கு மேலே 100 மீட்டர் தடிமனில் இருந்தால் வரும் அளவு அது. எடையில் சொன்னால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே சுமார் 0.53 கிராம் கந்தக டை ஆக்சைடு. 2,000 மீட்டர் அகலத்துக்கு, புகையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் புகையைத் தள்ளுகிறது என்றால், வினாடிக்கு 5.3 கிலோ நம்மைக் கடந்து போகிறது. ஒரு நாளின் 86,400 வினாடிகளால் பெருக்கினால் ஏறத்தாழ 460 டன்.

இந்தக் கணக்கில் மிகப் பலவீனமான கண்ணி ஒளியே அல்ல, காற்று. புகை ஓடும் உயரத்தில் காற்றின் வேகம் தரையில் உள்ளதிலிருந்து மாறியிருக்கும். 5 மீட்டர் என்று நினைத்தது உண்மையில் 6.5 ஆக இருந்தால் விடை அப்படியே 30 விழுக்காடு மாறிவிடும். நிறமாலையை எவ்வளவு நுணுக்கமாக வாசித்தாலும் இந்தப் பிழை தீராது. எரிமலைகளைப் பற்றி வெளியாகும் டன் கணக்குகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பினடூபோ: எண் குறைந்த நாட்கள்

பிலிப்பைன்ஸின் பினடூபோ மலை சுமார் 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. சுற்றியிருந்தவர்களில் பலருக்கு அது எரிமலை என்றே தெரியாது. 1991 ஏப்ரல் 2 அன்று நீராவி வெடிப்புகளோடு அது விழித்தது. பிலிப்பைன்ஸ் எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனத்தோடு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் குழுவும் சேர்ந்துகொண்டது. நிலநடுக்கங்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. ஆனால் அவை புதிய மாக்மா ஏறுவதாலா, பழைய சூட்டில் நிலத்தடி நீர் கொதிப்பதாலா? நிலநடுக்கமானி மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

மே 13 அன்று கோஸ்பெக்கை விமானத்தில் ஏற்றி அளந்தார்கள். நாளுக்குச் சுமார் 500 டன் கந்தக டை ஆக்சைடு. மேலே நாம் போட்ட கணக்குக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. கொதிக்கும் நிலத்தடி நீர் மட்டும் இத்தனை கந்தக வாயுவைத் தராது. கீழே புதிய மாக்மா இருக்கிறது. மே 28இல் அது 5,000 டன்னைத் தாண்டியது. இரண்டு வாரத்தில் பத்து மடங்கு.

பிறகு நடந்ததுதான் எரிமலையியலில் இன்றும் பாடமாக இருக்கிறது. மே 30இல் 1,800 டன். ஜூன் 5இல் வெறும் 260 டன்.

எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது நிம்மதி தரும் செய்தி. மலை தணிகிறது, மக்கள் வீடு திரும்பலாம். அங்கே இருந்தவர்கள் இன்னொரு விளக்கத்தையும் முன்னால் வைத்துப் பார்த்தார்கள்: வாயு தீரவில்லை, வழி அடைத்துக்கொண்டது. மேலே ஏறும் மாக்மா குளிர்ந்து இறுகி, வாயு வரும் விரிசல்களை மூடியிருக்கலாம். அப்படியானால் கீழே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. குக்கரின் விசில் அடங்கிப்போனால் அடுப்பு அணைந்திருக்கலாம், அல்லது வெயிட் வால்வு அடைத்திருக்கலாம். சமையலறையில் நிற்பவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. நிலநடுக்கங்கள் குறையாமல், மலைவாயின் அருகே மேலும் ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்ந்தன. ஜூன் 7 அன்று இறுகிய குழம்பு ஒரு கும்மட்டமாக வெளியே தலைகாட்டியது. வாயுவும் மறுபடி ஏறியது. ஜூன் 10 அன்று கிளார்க் விமானப்படைத் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கிளம்பினார்கள்.

ஜூன் 15 அன்று பினடூபோ வெடித்தது. 20ஆம் நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளில் ஒன்று. சாம்பல் 35 கிலோமீட்டர் உயரம் போனது. அதே நாளில் யுன்யா சூறாவளி வந்து சாம்பலை நனைக்க, பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து பல நூறு பேர் இறந்தார்கள். ஆனாலும் முன்கூட்டி வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது அந்த இரண்டு நிறுவனங்களின் மதிப்பீடு. அன்று அடுக்கு மண்டலத்துக்குப் போன கந்தக டை ஆக்சைடு 1.5 முதல் 2 கோடி டன். அது கந்தக அமிலத் துளிகளாக மாறி உலகைச் சுற்றி, அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி வெப்பத்தை ஏறத்தாழ அரை டிகிரி குறைத்தது.

260 டன் என்ற எண் பொய் சொல்லவில்லை. கருவி சரியாகத்தான் அளந்தது. ஒளி நமக்குத் தருவது வெளியே வந்த வாயுவின் அளவை. உள்ளே தங்கியது எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதை நிலநடுக்கமானியையும் மலையின் வீக்கத்தையும் அருகே வைத்துத்தான் படிக்க வேண்டும். கலேராஸிலும் 1993 ஜனவரிக்கு முன்னால் வாயு குறைந்துதான் இருந்தது. ஒளிமானிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றின் நுண்மையையே பேசுகிறார்கள். எனக்குப் பினடூபோவின் இந்த எட்டு நாள் சரிவுதான் அதைவிட முக்கியமாகப் படுகிறது.

எண் குறைய இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். மாக்மா நிலத்தடி நீரின் வழியாக வாயுவை விட்டால், கந்தக டை ஆக்சைடின் பெரும்பங்கு நீரிலேயே கரைந்துவிடும். ஹைட்ரஜன் குளோரைடு இன்னும் வேகமாகக் கரையும். மேலே வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் நீராவியும்தான். விழித்தெழும் எரிமலையின் முதல் மூச்சைத் தண்ணீர் கழுவி மறைத்துவிடுகிறது. சூடு ஏறி அந்த நீர் வற்றிய பிறகே கந்தக டை ஆக்சைடு தலைகாட்டும்.

உள்ளங்கை அளவுக் கருவி

கோஸ்பெக் பெட்டி கனமானது, விலை கூடியது, தயாரிப்பும் நின்றுபோனது. 2000களின் தொடக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் நிறமாலைமானிகள் சந்தைக்கு வந்தன. அரைக் கிலோவுக்கும் குறைவு, யுஎஸ்பி கம்பி வழியே மடிக்கணினியில் செருகினால் போதும். தட்டில் வெட்டிய பிளவுகளுக்குப் பதிலாக முழு நிறமாலையும் எண்களாகவே கைக்கு வந்தது. 1970களின் இறுதியில் ஜெர்மனியின் உல்ரிக் பிளாட்டும் சக ஆய்வாளர்களும் நகரக் காற்றுக்காக வளர்த்தெடுத்த முறை அந்த எண்களைப் படிக்கக் கைகொடுத்தது. புகையும் தூசும் ஒளியை எல்லா அலைநீளத்திலும் சீராக மங்கச் செய்யும். வாயு மட்டும்தான் அடுத்தடுத்த அலைநீளங்களில் முகடும் பள்ளமுமாகக் குறைக்கும். சீரான சரிவை நீக்கிவிட்டு நெளிவை மட்டும் வைத்துக்கொண்டால் வாயு தனியே வந்துவிடும். யோசனை எளியது. அதுதான் தூசும் சாம்பலும் நிறைந்த இடத்தில் ஒளியை நம்ப வைத்தது.

கருவி மலிவானதும் அதை மலைச்சரிவிலேயே நிறுத்திவிட முடிந்தது. 2002இல் கரீபியன் தீவான மொன்செராட்டில், சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலையைச் சுற்றி, தானாகவே தலையைத் திருப்பி வானத்தை அடிவானம் முதல் அடிவானம் வரை துழாவும் கருவிகளை வைத்தார்கள். 2005இல் ஐரோப்பிய நிதியோடு நோவாக் என்ற வலைப்பின்னல் தொடங்கி, லத்தீன் அமெரிக்கா, காங்கோ, இத்தாலி என்று பரவியது. விடிந்ததும் ஒளி வந்தால் வேலை தொடங்கும், இருட்டினால் நிற்கும். இரவில் இந்த முறைக்குக் கண் தெரியாது.

அங்கே ஒரு கருவி பிழைத்திருப்பதே பெரிய காரியம். அமில மழை உலோகத்தைத் தின்னும். சாம்பல் சாளரத்தை மூடும், சூரியத் தகடுகளை மூடும். மின்னல் விழும். ஆகவே கருவிகளைச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுத்துகிறார்கள். ஒளி அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தூரத்துக்கும் விலை உண்டு. புகைக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள காற்றில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி, புகைக்குள் நுழையாமலேயே கருவிக்குள் வந்துவிடும். பாலில் தண்ணீர் கலந்தாற்போல, புகையைக் கடந்துவந்த ஒளி நீர்த்துப்போகும். வாயு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தூரமும் பனிமூட்டமும் கூடினால் பாதியளவுகூடக் குறையலாம்.

2018இல் ஹவாயின் கிலவேயா எரிமலையின் கிழக்குப் பிளவில் குழம்பு ஆறாக ஓடியபோது நேர்மாறான சிக்கல் வந்தது. வாயு அவ்வளவு அடர்த்தி. வழக்கமாக அளக்கும் 310 நானோமீட்டர் பகுதியில் ஒளி ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்பட்டுவிட்டது. கருவியில் விழுந்ததில் பெரும்பங்கு புகைக்குள் போகாமல் நழுவி வந்த ஒளி. அப்படியே கணக்கிட்டால் உண்மையின் சிறு பங்குதான் விடையாகக் கிடைக்கும். வாயு மெலிதாக உறிஞ்சும் நீண்ட அலைநீளங்களுக்கு நகர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது: உச்சத்தில் நாளுக்குச் சுமார் 2 லட்சம் டன். அந்த வெடிப்பு ஓய்ந்ததும் மலையின் வாயு, அங்கே அளவீடு தொடங்கியதிலிருந்து காணாத அளவுக்குத் தாழ்ந்தது. அடுத்த ஆண்டு, 2019 ஜூலையில், அதே எரிமலையின் உச்சிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதைக் கண்டார்கள்.

குழம்பே விளக்காகும்போது

ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் 300 நானோமீட்டர் சாளரத்தில் தெரியாதவை. அவற்றுக்கு அகச்சிவப்பு வேண்டும். 3.5 மைக்ரோமீட்டர் அருகே ஹைட்ரஜன் குளோரைடின் உறிஞ்சும் கோடுகள் சீப்பின் பற்கள்போல வரிசையாக நிற்கும். அவற்றைப் படிப்பது ஃபூரியர் உருமாற்ற நிறமாலைமானி. உள்ளே ஓர் ஆடி முன்னும் பின்னும் நகர, ஒளி தன்னோடு தானே குறுக்கிட்டு எழுப்பும் அலைவைப் பதிவுசெய்து, கணக்கின் மூலம் நிறமாலையாக மாற்றும். பல கிலோ எடை, மென்மையான ஒளியியல். இதை முதுகில் சுமந்து எரிமலை விளிம்புக்கு ஏறுகிறார்கள்.

ஒளிக்கு எங்கே போவது? அங்கேதான் அழகு. கொதிக்கும் குழம்பு தானே அகச்சிவப்பில் ஒளிர்கிறது. கருவியைக் குழம்பை நோக்கித் திருப்பினால், நடுவில் எழும் வாயு அதன் ஒளியில் தன் கோடுகளை எழுதிவிடும். இரவிலும் வேலை செய்யும். கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, நீராவி எல்லாம் ஒரே வீச்சில், சில வினாடிகளுக்கு ஒருமுறை. குழம்புக்கு இவ்வளவு பக்கத்தில் பார்க்கும்போது எரிமலையின் வாயு அத்தனை அடர்த்தி என்பதால், நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும்கூடக் காற்றிலிருந்து பிரித்துவிட முடிகிறது. வாயுக்களுக்கு இடையிலான விகிதத்தை அறியக் காற்றின் வேகமும் வேண்டாம்; புற ஊதாக் கணக்கைக் கெடுத்த பெரும்பிழை இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி மணிக்குச் சில தடவை சின்னதாக வெடிக்கும் மலை. வெடிப்பின் வாயுவுக்கும் இடையில் அமைதியாகக் கசியும் வாயுவுக்கும் விகிதம் வேறு என்று இந்த முறையால் காட்டினார்கள். வெடிப்பின்போது கார்பன் டை ஆக்சைடின் பங்கு கூடியிருந்தது. அப்படியானால் அந்த வெடிப்பை எழுப்பும் பெரிய குமிழிகள் வாயிலருகே உருவானவை அல்ல. 3 கிலோமீட்டர் வரையிலான ஆழத்திலிருந்து ஏறி வந்தவை. 2007இல் வெளியான இந்த முடிவு, மலைவாயின் விளிம்பிலிருந்து ஒளியைப் பார்த்தே எட்டப்பட்டது. அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் குழம்பு ஏரி சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட்டு வாங்குவதையும் இப்படித்தான் கண்டார்கள்.

மலையிலிருந்து வராத வாயு

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது புரோமின் மோனாக்சைடின் கதை. 2002 மே மாதம் மொன்செராட்டின் புகையைப் புற ஊதாவில் படித்த நிக்கோல் போப்ரோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் அதில் இந்த வாயுவின் நெளிவுகளைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். விந்தை என்னவென்றால் இந்த வாயு எரிமலையின் வாயிலிருந்து வருவதல்ல. மாக்மா விடுவது ஹைட்ரஜன் புரோமைடை. அது புகையிலுள்ள அமிலத் துளிகளின் மேல் வினைபுரிந்து, சூரிய ஒளி பட்டு உடைந்து, காற்றின் ஓசோனைத் தின்று, சில நிமிடங்களில் புரோமின் மோனாக்சைடாகிறது. அது மறுபடி ஹைட்ரஜன் புரோமைடை இழுத்து மேலும் பெருகும். புகை போகும் வழியில் ஓசோன் குறைகிறது.

இதைக் குடுவையில் பிடிக்கவே முடியாது. காஸ்டிக் சோடாவைத் தொட்டதும் அது எந்த வடிவில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடும். குழாயில் இழுத்தால் சுவரில் செத்துவிடும். பிறந்த இடத்திலேயே, பிறந்த கணத்திலேயே, தொடாமல் பார்த்தால்தான் உண்டு. மலையேறிப் போன எந்த மாதிரியும் இதைக் காட்டியிருக்காது. ஒளியின் வேலை ஆபத்தைக் குறைப்பதோடு முடியவில்லை என்பதற்கு இது சாட்சி.

வானத்திலிருந்து

விண்ணிலிருந்து எரிமலை வாயுவைக் கண்டதும் எதிர்பாராமல் நடந்தது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்க ஒரு கருவி இருந்தது. 1982 வசந்தத்தில் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது, அந்தக் கருவி மெக்சிகோவின் மேல் நம்ப முடியாத அளவு ஓசோனைக் காட்டியது. அது ஓசோனே அல்ல, அதே அலைநீளத்தில் உறிஞ்சும் கந்தக டை ஆக்சைடு என்று ஆர்லின் க்ரூகர் கண்டறிந்தார். தரையிலிருந்து அளக்கும்போது சாளரத்தின் ஒரு ஓரத்தை மூடிய அந்த ஓசோன்தான், இங்கே மறைந்திருந்த எரிமலையைக் காட்டிக்கொடுத்தது.

2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல் 5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, சில கிலோமீட்டர் அளவுள்ள சதுரங்களாக உலகம் முழுவதையும் நாளுக்கு ஒருமுறை படிக்கிறது. கூடவே ஆள் யாரும் வசிக்காத எரிமலைகளுக்கும் கண் கிடைத்துவிட்டது. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கு நடுவே நிற்கும் பேரன் தீவு, இந்தியாவின் செயல்படும் ஒரே எரிமலை, அப்படிப்பட்டது. 150 ஆண்டுகளுக்கும் மேலான உறக்கத்துக்குப் பின் அது விழித்ததும் பினடூபோ வெடித்த அதே 1991இல்தான். அதன் மேல் கார் ஓட்டவும் முடியாது, கருவி நிறுத்தி வருடக்கணக்கில் பராமரிக்கவும் எளிதல்ல. ட்ரோபோமி நண்பகல் தாண்டியதும் ஒருமுறை கடந்துபோகும். மாலையில் மலை மூச்சு விட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். 2020இல் தென்கொரியா ஏவிய ஜெம்ஸ் கருவி ஆசியாவின் மேல் ஒரே இடத்தில் நின்றபடி பகலில் மணிக்கொருமுறை பார்க்கிறது. பினடூபோ அதன் பார்வைக்குள் இருக்கிறது.

ஆனால் வெடிப்புக்கு முந்தைய மெல்லிய மூச்சு, நாளுக்குச் சில நூறு டன், தாழ்வாக, மேகத்துக்கு அடியில் ஓடும்போது செயற்கைக்கோளுக்குப் பிடிபடுவது கடினம். 1991 மே 13இன் 500 டன்னும் ஜூன் 5இன் 260 டன்னும் அந்த வகை எண்கள்தான். அதனால்தான் இன்றும் எரிமலை ஆய்வு மையங்களில் வாரம் சில முறை யாரோ ஒருவர் காரின் கண்ணாடி வழியே ஒரு சின்னக் குழாயை வானை நோக்கி நிமிர்த்தி வைத்து, மடியில் கணினியோடு, புகைக்கு அடியில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிறார். கோஸ்பெக் போன அதே பாதை. பெட்டி மட்டும் சிறியதாகிவிட்டது.